தானாய் ஆடிய தொட்டில்

இயேசு மரி சூசை

குருநகர், யாழ்ப்பாணம்.
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜொய்சிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நீயும் மருமகன் பிறேமும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாய் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன், கால் வீக்கமோ தலைச்சுற்றோ இருந்தால் இதைப் பிறகு வாசிக்கலாம், முதலில் டொக்டரிடம் போ. இங்கே நானும் உன்னைப் பெத்த கொம்மாவும், தம்பி ஜெறோமும் அவன் வீட்டுக்காரரும் எங்கள் கோயில் யாகப்பரின் காவலில் தடிமன் இருமலோடு நடமாடித் திரிகிறோம். மழை விட்டபாடில்லை, ஒழுங்கைக்குள் தண்ணீர் நிற்கிறது, கடல் கொந்தளிப்பில் படகெல்லாம் கரையில் கிடக்கிறது, அதனால் எனக்கு வேலை கூட, கடலுக்குப் போகாத நாளில்தான் எல்லாருக்கும் தங்கள் என்ஜின் இருமுகிற ஞாபகம் வரும். போனில் கதைக்கலாமே, அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் கொம்மா கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். குரல் பதிவு அனுப்பினால், சரியாய்ப் போனதா என்று நான் திரும்பப் போட்டுக் கேட்க அது ஒழுங்கை முழுக்கக் கேட்கிறது. ஆகையால் என்ஜின் திருத்துகிற கொட்டிலுக்குள் இருந்து எழுதி, பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன். கிறீஸ் பட்ட இடத்தில் எழுத்து விளங்காவிட்டால் பெருப்பித்துப் பார்.

முதலில் உன் மனத்தில் கிடக்கிறதுக்கு வருகிறேன். அம்மா ஏன் போனுக்கு வருகிறாள் இல்லை, விசா கிடைத்துக் கையில் இருக்க ரிக்கற் போட ஏன் நாள் சொல்கிறாள் இல்லை, அம்மாவுக்கு இந்தப் பிள்ளையில் விருப்பமில்லையோ என்று நீ ஜெறோமிடம் கேட்டு அழுதாயாம். அவன் வந்து என்னிடம் சொன்னான். விருப்பமில்லாமல் இல்லை பிள்ளை. எல்லாம் அந்த வீடியோ செய்த வேலை. மருமகன் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார், புதுத் தொட்டிலைப் பூட்டி முடித்துக் கரண்டில் செருகிப் பொத்தானை அமத்த அது தன்பாட்டில் ஆடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை, மெத்தை மட்டும். சத்தமில்லாத நல்ல மோட்டர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன், அதற்குள் கொம்மா 'ஐயோ நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ' என்று கத்தி என் கையில் இருந்த போனைத் தட்டிவிட்டாள். வெறும் ஏணையை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் சொல்வது உனக்கு மறந்திருக்கும், மருமகன் கொழும்பில் வளர்ந்தவர், அவருக்குத் தெரிய வழியில்லை. கூரை வளையில் கட்டின ஏணைச் சேலை ஆளில்லாமல் காற்றுக்கு ஆடினாலே கொம்மா ஓடிப்போய்ப் பிடித்து முடிந்துவிடுவாள். இதுவோ காற்றுமில்லை கையுமில்லை, தானாய் ஆடுகிறது. அப்படியே எழும்பிக் கோயிலுக்குப் போனவள்தான், மழைக்குக் குடைகூடக் கொண்டுபோகவில்லை. அன்றிலிருந்து உன் பெயர் போனில் விழுந்தால் குசினிக்குள் வேலை வந்துவிடுகிறது.

நான் என்ன செய்ய? நீ என்னிடம் கேட்டது வேறு. வண்டில் எது நல்லது, பிள்ளையைக் கட்டித் தூக்கிற துணி எது நல்லது, பிள்ளையை எங்கே படுக்க வைப்பது, அப்பா நீங்கள் சாமான் தெரிந்தவர் சொல்லுங்கோ என்று ஒரு கும்பல் படம் அனுப்பியிருக்கிறாய். எனக்குத் தெரிந்த சாமான் படகு என்ஜின் ஒன்றுதான், ஆனாலும் மகள் கேட்டுவிட்டாளே என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுது. ஒரு தள்ளுவண்டிலுக்கு மூன்று சில்லு, ஒன்றுக்கு நான்கு, மற்றதை மடக்கினால் பைக்குள் வைக்கலாமாம். பைக்குள் மடங்குகிற வண்டிலை எந்த நம்பிக்கையில் பிள்ளைக்குக் கொடுப்பது? ஒன்றில் பிள்ளை உன்னைப் பார்த்தபடி இருக்கிறது, இன்னொன்றில் றோட்டைப் பார்த்தபடி. எது சரி என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தால் அழாது என்று நினைத்தேன், பிறகு போகிற இடத்தைப் பார்க்காமல் பின்பக்கமாய்ப் போனால் தலை சுற்றாதா என்றும் நினைத்தேன். ஜெறோமிடம் கேட்டேன், 'அப்பா, உங்கடை தலைதான் சுத்துது, போய்ப் படுங்கோ' என்றான். ஒன்றுமட்டும் எனக்கு வடிவாய்த் தெரியும். உங்கள் துரொம்சோவில் பனிக்காலத்தில் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள் என்று மருமகன் முந்தி ஒருமுறை சொன்னவர். உப்பென்றால் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எந்த வண்டிலை வாங்கினாலும் ஆணியும் நட்டும் கறல் பிடிக்காத சாமானா என்று கேள், வெளியே போய் வந்தால் சில்லை நல்ல தண்ணீரில் கழுவித் துடை, பிறேக்கை மாதத்துக்கு ஒருக்கால் கழற்றிப் பார்க்கச் சொல்லு. சீலையின் நிறம் என்னவாய் இருந்தாலும் பரவாயில்லை.

படுக்கைக் கதை அதைவிடக் கக்கிசம். அங்கே பிள்ளைகளை வண்டிலோடு வெளியில் விட்டுப் பனிக்குள் நித்திரையாக்குவார்களாம், கடைக்கு முன்னால்கூட வரிசையாய் நிற்குமாம் என்று நீ எழுதினதை நான் இரண்டுதரம் வாசித்தேன். இந்த மாதக் கடைசியோடு அங்கே சூரியனும் மேலே வராது என்கிறாய். வெளிச்சமும் இல்லை வெயிலும் இல்லை, பிள்ளை வெளியில் என்ன செய்யும்? பக்கத்து வீட்டு வினிபிரட் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிப்போட்டேன், 'என்ன பேதுரு, கருவாடு போடிற மாதிரி பிள்ளையளையும் வெளியிலை காயப்போடுவினமோ?' என்று கேட்டுச் சிரிக்கிறா. அது போதாதென்று ஏணைக்கு ஸ்பிரிங்கும் கயிறும் அனுப்பச் சொல்லிக் கேட்டாய். பிள்ளை, உங்கள் வீட்டில் வளை இல்லை, மேலே அட்டை அடித்திருக்கிறது என்று மருமகன் சொன்னார். அட்டையில் கொளுக்கி போட்டால் கூரையும் பிள்ளையும் சேர்ந்து கீழே வரும், நான் அனுப்பமாட்டேன். நீயும் தம்பியும் ஏணையில்தான் வளர்ந்தீர்கள், ஒருத்தருக்கும் முதுகு வளையவில்லை, அது உண்மை. ஆனால் உங்கள் தாதி சொன்னதாய் நீ எழுதினதும், ஜெறோமின் பிள்ளைக்கு எங்கள் கிளினிக் மிட்வைஃப் சொன்னதும் ஒன்றாய் இருக்கிறது, மட்டமான இறுக்கமான மெத்தை, நிமிர்த்திக் கிடத்த வேணும், தலையணை வேண்டாம், மூடிக்கட்டிற துணி ஒன்றும் கிட்ட வேண்டாம், உங்கள் அறைக்குள்ளே ஆனால் தன் கட்டிலில். இரண்டு நாட்டு மருத்துவிச்சிகளும் கூடிப்பேசிப் பொய் சொல்ல மாட்டார்கள். அதைக் கேள். அந்த மோட்டர்த் தொட்டிலைக் கரண்டில் செருகாமல் சும்மா கட்டிலாய்ப் பாவிக்க முடியாதா? அதுவும் எனக்கு விளங்கவில்லை, ஆட்டாமல் படுக்க வைக்கிறதென்றால் ஆடுகிறதை ஏன் வாங்கினீர்கள் என்றும் கேட்கத் தோன்றுது. கோபிக்காதே.

இனித் துணிக் கதை. கொம்மா வந்து பிள்ளையைத் தூக்கப் பழக வேணும் என்று உன் சிநேகிதியின் தாயிடம் கொடுத்துவிட்ட நீட்டுத் துணி வந்து சேர்ந்தது. கரையில்லாத சேலை மாதிரி ஒரு நீளம். கொம்மா பார்சலைப் பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். போன கிழமை அவள் சந்தைக்குப் போன நேரம் நான் எடுத்துப் பிரித்தேன். துணி கட்டுகிற விதம் காட்டி நீ போனில் அனுப்பின வீடியோவைக் கதிரையில் சாத்திவைத்துவிட்டு அந்தப் பெண் செய்கிற மாதிரியே தோளில் போட்டு, முதுகில் குறுக்கே எடுத்து, திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்தேன். வெறுந்துணியைக் கட்டினால்தானே கூடாது, உள்ளே ஏதாவது இருந்தால் சரிதானே என்று நினைத்து, குசினியில் கிடந்த நீர்வேலிப் பூசணிக்காயை எடுத்து உள்ளே வைத்தேன், நிறைமாதப் பிள்ளையின் பாரம் சரியாய் இருந்தது. நன்றாய்த்தான் இருந்தது மகள், நெஞ்சோடு அப்படியே ஒட்டிக்கொண்டது, என்னை அறியாமலே பூசணிக்காயின் முதுகைத் தட்டிக்கொண்டு முற்றத்துக்கு நடந்து போயிருக்கிறேன். வேலிக்கு அங்கால் வினிபிரட் அக்கா. பிறகு என்ன, கொம்மா சந்தையிலிருந்து வந்து சேர முதல் மீன்காரர் எல்லாருக்கும் தெரியும் பேதுருவுக்குப் பூசணிக்காய் பிறந்திருக்கு என்று. இன்றைக்கும் என்ஜின் கொண்டுவருகிறவன் எல்லாம் 'பிள்ளை பால் குடிக்குதோ அண்ணை' என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரைத் தருகிறான். கொம்மா சிரிக்கவில்லை. 'பிறக்க முன்னம் பிள்ளையை வைச்சு விளையாடிறியளோ, உங்களுக்கு விசரோ' என்று ஏசிவிட்டுப் பூசணிக்காயைத் தூக்கி வினிபிரட் அக்காவிடமே கொடுத்துவிட்டாள். நான் பழகினதில் ஒன்றைமட்டும் உனக்குச் சொல்ல வேணும், குனியும்போது ஒரு கை பிள்ளையின் தலையில் இருக்கட்டும், எந்த நேரமும் பிள்ளையின் முகம் உனக்குத் தெரிய வேணும், தலை சரிந்து நாடி நெஞ்சில் மடிந்துபோகக் கூடாது. முடிச்சு அவிழ்கிறது பற்றிப் பயப்படாதே, படகு கட்டுகிற முடிச்சு ஒன்றை மருமகனுக்கு நான் போனில் காட்டித் தருகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், எழுத வேண்டியது இன்னும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்து அழுத பிறகுதான் சாமான் வாங்குவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஜெறோமின் மகள் பிறந்த அன்று அவன் ஆசுப்பத்திரியிலிருந்து மழைக்குள் ரவுணுக்கு ஓடி, பதட்டத்தில் ஒரு வயதுப் பிள்ளையின் சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தான், பிள்ளை அவன் உடுக்கிற பழைய சாரத்தில் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தது. அது சிரிப்பான கதை, ஏனென்றால் பிள்ளை வந்தது. உன் போன முறைக் கதையை நாங்கள் யாரும் வாயால் சொல்வதில்லை. அப்போது நீங்கள் கட்டில் வாங்கி, அறைக்கு நிறம் அடித்து, சின்னச் சட்டைகளை மடித்து அடுக்கி வைத்திருந்தீர்கள். ஏழாம் மாதத்தில் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பிறகு மருமகன் அந்தக் கட்டிலை ஒவ்வொரு ஆணியாய்க் கழற்றினார் என்று நீ சொன்னாய். முன்னமே வாங்கினதால்தான் அப்படி நடந்தது என்று நான் நம்பவில்லை, டொக்டர்மாரே காரணம் தெரியாது என்றார்கள், நீ ஒரு பிழையும் செய்யவில்லை, இதை நீ நன்றாய்க் கேட்டுக்கொள். கொம்மாவும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆளில்லாத தொட்டில் ஆடுகிறதைக் கண்டவுடன் அவளுக்குப் பழையது எல்லாம் வந்துவிட்டது. இந்த மாதம் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனோம், உன் அம்மம்மாவின் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொன்றைக் கொளுத்தி வைத்தாள். ஆருக்கு என்று நான் கேட்கவில்லை. மழைத் தூறலில் அது அணைய அணையத் திரும்பத் திரும்பக் கொளுத்தினாள்.

பிள்ளை பிறந்தாப் பிறகு வாறன், முன்னம் வந்து என்ன செய்ய என்று அவள் முந்தி உன்னிடம் சொன்னதற்கும் இதுதான் காரணம், முழங்கால் நோவு என்று சொன்ன சாட்டு பொய். முன்னமே வந்தால் அந்தச் சாமான்களுக்கு நடுவில் அவள் இருந்து நாள் எண்ண வேண்டும். நீயோ இந்த முறை அம்மா பக்கத்தில் இருந்தால்தான் எனக்குப் பிள்ளை பெறத் துணிவு வரும் என்கிறாய். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு விளங்குகிறது, அதுதான் பெரிய கரைச்சல், ஒருத்தர் பிழையென்றால் நான் அவரோடு சண்டை பிடித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். காருக்குள் பிள்ளைக் கதிரை இல்லாமல் ஆசுப்பத்திரியிலிருந்து பிள்ளையைக் காரில் கொண்டுவர அங்கே சட்டம் விடாதாம், அதனால் அவர்கள் முன்னமே வாங்கத்தான் வேணும், அது ஆசையால் இல்லை என்று கொம்மாவுக்குச் சொல்லிப்பார்த்தேன். 'அப்ப நடந்து வரச் சொல்லுங்கோ' என்றாள். பனிக்குள்ளே என்றேன். 'பனிக்குள்ளைதானே படுக்க விடுகினம்' என்றாள். ஜொய்சி, நான் உனக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், அம்மாவைக் கோபிக்காதே என்றா, அம்மாவை எதிர்பார்க்காதே என்றா

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கக் கொம்மா தேத்தண்ணியோடு கொட்டிலுக்குள் வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. 'ஆருக்கு எழுதிறியள்' என்றாள், பிறகு 'வாசியுங்கோ' என்றாள். முதலில் இருந்து வாசித்தேன், பூசணிக்காய் வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மெழுகுதிரி வந்த இடத்தில் எழும்பிப் போய் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிப்பாட்டினேன், 'நிப்பாட்டாதையுங்கோ' என்றாள். முடிந்தது. தேத்தண்ணி ஆறிவிட்டது. பிறகு அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன், அப்படித்தான் எழுத வேணும் என்று பக்கத்தில் நிற்கிறாள். 'அண்டைக்கு அவள் அந்தப் பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு எனக்குப் போனிலை காட்டினவள். அம்மா, முடியைப் பாருங்கோ, உங்கடை சுருள் எண்டு சொன்னவள். நான் ஓம் ஓம் எண்டன். ஆனால் நான் பாக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான். என்ரை பிள்ளை தன்ரை பிள்ளையை எனக்குக் காட்டினவள், நான் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை அங்கை போய் நிக்கிறது எண்டுதான் நாளைக் கடத்தினனான். இனிக் கடத்தேலாது. பேரப்பிள்ளையைப் பிறகும் பாக்கலாம். என்ரை பிள்ளையைப் பாக்க இப்பதான் போகோணும். முன்னமே ரிக்கற்றைப் போடச் சொல்லுங்கோ.' இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆறின தேத்தண்ணியைத் தானே எடுத்துக் குடித்துவிட்டாள். எனக்கு வேறு போடவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றது எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும் மகள்.

ஆகவே மார்கழி பிறந்தவுடன் வருகிற மாதிரி ரிக்கற்றைப் போடு, ஒரு இடத்தில்தான் விமானம் மாற வேணும், இரண்டு இடமென்றால் இரண்டாவது இடத்தில் கொம்மா ஆருடனாவது கதைத்துக்கொண்டு நின்று விமானத்தை விட்டுவிடுவாள். குளிர்ச் சட்டை வாங்க வேண்டாம் என்பாள், வாங்கி வை. வந்தவுடன் அந்தப் பிள்ளையின் படத்தைக் காட்டு என்று அவளாய்க் கேட்பாள், இருந்தால் காட்டு, உனக்கு ஏலாவிட்டால் ஏலாது என்று சொல்லு, அவளுக்கு விளங்கும். வண்டிலைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை, மூன்று சில்லா நான்கு சில்லா என்று நீயும் கொம்மாவும் சேர்ந்து கடையில் போய்த் தள்ளிப் பார்த்து எடுங்கள், நான் தூர இருந்து குழம்புவதை விட அது நல்லது. மருமகனோடு எனக்குக் கோபமில்லை என்று சொல்லு, வீடியோவைப் பற்றி அவர் மனம் நோகக்கூடாது, மோட்டர் உண்மையிலேயே நல்ல மோட்டர். மறக்காமல் இரும்புச்சத்துக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, பனியில் வழுக்காத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நட, வயிற்றில் அசைவு குறைந்ததாய் நினைத்தால் யோசித்துக்கொண்டிராமல் அந்த நேரமே ஆசுப்பத்திரிக்குப் போ, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கமில்லை. தேவமாதாவும் யாகப்பரும் உன் கையையும் உன் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், உங்கள் இரண்டு பேர் தலையிலும் அப்பாவின் கை இருக்கிறது.

உன் அன்புள்ள அப்பா,
பேதுரு

கீழே கொம்மா தன் கையால் எழுத வேணுமாம், பேனையைக் கொடுக்கிறேன்.

பிள்ளை, நான் வாறன். பயப்பிடாதை. எனக்கும் பயம்தான்.
அம்மா